சபையேறிய வினாக்கள் – 9: லூமுட்டின் கேள்வி எந்தச் சபைக்கு?

லூமுட் படித்துறையில் பங்கோர்ப் படகுக்குக் காத்துநிற்கும் யாத்திரிகர்களில், தாம் நிற்கிற மண் ஒரு காலத்தில் பேராக் மாநிலத்தைச் சேர்ந்ததாகவே இல்லை என்பதை அறிந்தவர் சிலரே இருப்பர். 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் ஒப்பந்தத்தின் பயனாக இந்தத் திண்டிங்ஸ் பிரதேசம் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டு, 1935-இல்தான் பேராக்கிற்குத் திரும்பிற்று. ஆகையால் அக்காலத்தில் இங்கே காய்ச்சல் பரவினாலும், ஆஸ்பத்திரியில் கட்டில் போதாவிட்டாலும், அதைக் குறித்து வினவ வேண்டிய இடம் ஈப்போவும் அன்று, கோலாலம்பூரும் அன்று. கடல் கடந்த சிங்கப்பூர்ச் சட்டசபையே. அச்சபையில் வீற்றிருந்த கனவான்களில் லூமுட் மக்களின் வாக்குப் பெற்றவர் ஒருவருமில்லை.

தோட்டத்து ஜனங்களின் நிலைமை இதினும் விசித்திரமானது. காட்டை அழித்து ரப்பர் நட்டபோது, நிழலிழந்து வெயில் பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசு பெருகிற்று. 1911-இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரில் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுக்கு வைத்திய வசதி செய்வது முதலாளியின் கடமை என்று சட்டம் விதித்தது. விதி நல்லதே, ஆனால் அதன் நிழலில் அரசாங்கம் சற்று ஒதுங்கி நிற்க இடம் கிடைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

சுதந்திரம் நெருங்கிற்று. 1955-ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசுச் சட்டசபைத் தேர்தலில் 52 ஸ்தானங்களில் எதிர்க்கட்சிக்குக் கிட்டியது ஒன்றே. அதுவும் பேராக்கின் கிரியான் தொகுதி. 1957 நவம்பர் இடைத்தேர்தலில் வென்ற ஈப்போ வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகம் அச்சபையில் பிரவேசித்தபோது, சுகாதார மந்திரியாக எதிரே இருந்தவர் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன். வினவும் உரிமையுடையவரும் தமிழர், விடையிறுக்கும் பொறுப்புடையவரும் தமிழர், இருவரும் பேராக்கினர்! இத்தகைய யோகம் நம் சமூகத்துக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. அந்நாளைய கிராமச் சுகாதாரத் திட்டமோ 50,000 பேருக்கு ஒரு தலைமை நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி இல்லம் என்று அழகாக வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் லயத்தில் கிடந்த நோயாளி முதலாளியின் ஆள். அவனைப் பற்றிய வினா எந்த மந்திரியின் மேசையில் வைக்கப்பட்டாலும், சட்டப் புத்தகம் அதைத் தோட்டத்துரையின் பங்களாவுக்கே திருப்பியிருக்கும்.

சித்தியவான் பக்கம் தோட்டத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டி அந்நாளைய மருந்துச் சீசாவை எனக்கு வருணித்தார். அதன் பக்கவாட்டில், வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, கத்தரித்த காகிதத் துண்டு ஒட்டியிருக்குமாம்; சீசாவை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டுமாம்.

“மருந்து பத்தலைன்னா யாரிடம் கேட்பீர்கள், பாட்டி?” என்றேன்.

“டிரஸ்ஸர் ஐயா ஊத்துறதுதான் தம்பி மருந்து. அதுக்கு மேல யாரு இருக்கா, கேக்கிறதுக்கு?”

தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின் அவர் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார். அரசாங்கக் கிளினிக்குக்கு முதன்முறை சென்ற அன்று, முந்தானையில் முடிந்துவைத்த ஒரு வெள்ளியோடு, கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த காலிச் சீசா ஒன்றையும் மறவாமல் எடுத்துப் போனாராம்.

(தொடரும்)