வெயில் போன பிறகும் வீடு ஏன் கொதிக்குது? கூரைக்குள் நடக்கும் வெப்பக் கணக்கு

“ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேன்ல அனல்தான் வருது.” மே மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கீழ்வீட்டுக்காரருக்கு இந்தப் புகார் இருக்காது. ஒரே கட்டடம், ஒரே வெயில். வித்தியாசம் தலைக்கு மேலே இருக்கும் கூரையில் இருக்கிறது.

அந்தக் கூரை ஒரே பொருளால் ஆனது அல்ல. மேலிருந்து வந்தால் தட்டோடு, அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் (இன்ஜினீயர்கள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்பார்கள்), பிறகு காங்கிரீட், கடைசியாக சிமென்ட் பூச்சு. வெயிலின் சூடு இந்த அடுக்குகள் ஒவ்வொன்றையும் தாண்டித்தான் அறைக்குள் வர முடியும். ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் மறிக்கும்.

எவ்வளவு மறிக்கும் என்பதைக் கணக்கிடுவது சுலபம். அடுக்கின் கனத்தை மீட்டரில் எடுத்து, அந்தப் பொருளின் வெப்பக் கடத்துத்திறனால் வகுத்தால் வருவது வெப்பத்தடை. அடுக்குகளின் தடைகளை வரிசையாகக் கூட்டினால் கூரையின் மொத்தத் தடை. பள்ளியில் படித்த மின்தடைக் கணக்கு மாதிரியே இருக்கிறதே என்று தோன்றினால், அது சரிதான். ஆனால் முதலில் வந்தது வெப்பக் கணக்கு. பிரெஞ்சு கணிதவியலாளர் ஃபூரியே வெப்பம் பரவுவது பற்றிய நூலை 1822இல் வெளியிட்டார். அந்த வழியைப் பின்பற்றித்தான் ஓம் 1827இல் தன் மின்சார விதியை எழுதினார்.

சரி, நம்ம வீட்டுக் கணக்குக்கு வருவோம். காங்கிரீட்டின் கடத்துத்திறன் சுமார் 1.6. 12 சென்டிமீட்டர் தளம் என்றால் தடை 0.075 மட்டுமே. கீழ்ப்பூச்சு 0.02. சீலிங்கை ஒட்டி நிற்கும் காற்றுப் படலமும் ஒரு தடைதான், அது 0.17. ஆக மொத்தம் 0.265. இதில் கவனிக்க வேண்டியது, கண்ணுக்கே தெரியாத அந்தக் காற்றுப் படலம் காங்கிரீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மறிக்கிறது என்பதுதான். ‘நல்ல கெட்டியான காங்கிரீட் போட்டிருக்கு, சூடு இறங்காது’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மாடித் தரை 60 டிகிரி, அறைக்காற்று 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி வித்தியாசத்தை 0.265ஆல் வகுத்தால், சதுர மீட்டருக்கு 94 வாட். பத்துக்குப் பத்து அறைக்கு சுமார் 870 வாட். தலைக்கு மேலே ஒரு அயர்ன் பாக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

ஏழரை சென்டிமீட்டர் செங்கல் ஜல்லித் தளம் போட்டால் தடை 0.09 கூடும், வெப்பம் சுமார் 650 வாட்டாகக் குறையும். பரவாயில்லை, ஆனால் போதாது. இதோடு 5 சென்டிமீட்டர் தெர்மாகோல் சேர்ந்தால்? அதன் கடத்துத்திறன் 0.035தான். தடை ஒரேயடியாக 1.43 கூடுகிறது. அறைக்குள் வருவது 130 வாட். இதே தடையைக் காங்கிரீட்டை மட்டும் வைத்துக் கொண்டுவர நினைத்தால், இரண்டேகால் மீட்டர் கனத்துக்குத் தளம் போட வேண்டும்! (மாடியில் ஆள் நடமாட்டத்தைத் தாங்க, சாதா தெர்மாகோலைவிட ‘எக்ஸ்.பி.எஸ்’ போன்ற அழுத்தமான அட்டைகள்தான் சரிப்படும்.)

மேலேயா, கீழேயா?

அட்டையைக் காங்கிரீட்டுக்கு மேலே வைத்தாலும், கீழே சீலிங்கில் ஒட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். அப்படியென்றால் எங்கே வைத்தாலும் சரியா? இல்லை. மேலே போட்ட கணக்கு, வெப்பம் சீராகப் பாயும் நிலைக்கு மட்டுமே பொருந்தும். நிஜத்தில் வெயில் ஏறும், இறங்கும். காங்கிரீட்டோ சூட்டைச் சேமித்து வைக்கும்.

பத்துக்குப் பத்து அறையின் கூரைக் காங்கிரீட் மட்டும் இரண்டரை டன்னுக்கு மேல் எடை. அது 10 டிகிரி ஆறுவதற்குள் வெளியிடும் வெப்பம், 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் ஒரு பகுதி வானத்துக்குப் போகும், மீதி கீழே இறங்கும். பகலெல்லாம் வாங்கி வைத்ததைக் கூரை ராத்திரியில்தான் கொடுக்கிறது. சீலிங்கை ஒட்டித் தேங்கும் அந்தச் சூட்டைத்தான் ஃபேன் கீழே தள்ளுகிறது. பாவம், ஃபேன் மேல் குற்றம் இல்லை.

அட்டையை மேலே வைத்தால் காங்கிரீட்டுக்குச் சூடே பெரிதாகப் போய்ச் சேராது. கீழே வைத்தால் காங்கிரீட் நன்றாகக் காயும். அறைக்குச் சூடு குறையும் என்றாலும், தளம் தினமும் விரிந்து சுருங்கி விரிசல் விடும் வாய்ப்பு அப்படியே இருக்கும். புதிதாகக் கட்டுபவர்கள் மேலே வைப்பதே நல்லது. வாடகை வீட்டில் மாடியைத் தொட முடியாதவர்களுக்கு ஃபால்ஸ் சீலிங்தான் கதி. வெள்ளை கூல் பெயின்ட்டின் வேலை வேறு. அது தடையைக் கூட்டுவதில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பி அந்த 60 டிகிரியையே குறைக்கிறது. செலவைப் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது அதைத்தான்.

சுவரில் ஒரு குறுக்கு வழி

கூரையில் அடுக்குகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. சுவரில் பொருள்கள் பக்கத்துப் பக்கத்திலும் இருக்கும்: கட்டுக்கல், நடுவே காங்கிரீட் தூண், மேலே பீம். இங்கே தடைகளைக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு வெப்பம் போகிறது என்று தனித்தனியாகப் பார்த்துத்தான் கூட்ட வேண்டும்.

20 சென்டிமீட்டர் ஏ.ஏ.சி பிளாக் சுவரின் தடை சுமார் 1.1, அதே கனக் காங்கிரீட்டுக்கு வெறும் 0.125. சுவரின் பரப்பில் 15 சதவீதம்தான் தூணும் பீமும் என்றாலும், இருபக்கக் காற்றுப் படலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், உள்ளே வரும் வெப்பத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அந்த வழியாகத்தான் வருகிறது. பிளாக் விற்பவர் காட்டும் அட்டவணையில் இது இருக்காது. அதில் இருப்பது பிளாக்கின் எண் மட்டும்தான். வெயில் விழும் மேற்குச் சுவரை மாலை ஆறு மணிக்கு உள்பக்கமாகத் தொட்டுப் பார்த்தால், பெயின்ட்டுக்கு அடியில் தூண் எங்கே இருக்கிறது என்று கையே சொல்லிவிடும்.