பத்து நிமிடப் பயிற்சி… யார் செய்வது?

வயிற்றிலிருக்கும் குழந்தை கடைசி மூன்று மாதம் கர்ப்பப்பைச் சுவரை உதைத்துக்கொண்டே இருக்கும். எலும்புக்கான கால்சியத்தில் பெரும்பகுதி சேருவதும் அப்போதுதான். ஏழாம் மாதமே பிறந்துவிட்டால் கால்சியமும் போதாது, உதைக்கச் சுவரும் கிடையாது.

வார்மரில் கிடக்கும் அந்தப் பிஞ்சின் கை காலை நாமே அசைத்துவிட்டால் என்ன? 1995-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 26 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற குழந்தைகளுக்கு எடையும் கூடியது, முன்கை எலும்பின் தாதுச்சத்தும் கூடியது.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மணிக்கட்டு, முழங்கை, தோள், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஒவ்வொரு மூட்டையும் ஐந்து தடவை மடக்கி நீட்டி லேசாக அழுத்திவிட வேண்டும். டெல்லி எய்ம்ஸில் 27 முதல் 34 வாரத்துக்குள் பிறந்த 50 குழந்தைகளில் ஒரு சாராருக்கு இதைத் தினமும் 10–15 நிமிடம் செய்தார்கள். மற்றவர்களுக்கு மசாஜ் மட்டும். 2018-ல் முடிவு வந்தது: எலும்பு உறுதியிலும் வளர்ச்சியிலும் வித்தியாசமில்லை. கொஞ்ச காலத்துக்காவது பலன் உண்டு என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

ஆனால் ஊரிலிருந்து வரும் பாட்டி, நீட்டிய கால்மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்து இழுத்து நீவுவாரே, அது வேறு. சத்துக் குறைந்த எலும்பு அதைத் தாங்காது, முறியக்கூடும்.

என்னை உறுத்துவது இன்னொன்று. குறைமாதக் குழந்தையைத் தினமும் 8 முதல் 24 மணி நேரம் நெஞ்சோடு அணைத்து வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எட்டு மணி நேரம் என்பது ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒரு ஷிப்ட்! பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. இவ்வளவு பெண்கள் வேலை பார்க்கும் வட்டாரத்தில், பிள்ளை பெற்ற பிறகு அந்த எட்டு மணி நேரத்துக்கு எங்கே போவார்கள்?

பேறுகால விடுப்பு 26 வாரம். 28-வது வாரத்தில் பிறந்த குழந்தை 36-ல் வீட்டுக்கு வந்தால், எட்டு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கரைந்திருக்கும். குறைப்பிரசவத்தால் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் இன்னொரு மாதம் உண்டு, மருத்துவச் சான்று காட்டினால். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இதெல்லாம் கிடைக்க, முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் குறைந்தது 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏஜென்சி மாறி மாறி வேலை செய்யும் கான்ட்ராக்ட் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் பெரும்பகுதி வேலை இல்லாமல் போனால் கணக்கு இடிக்கும். குழந்தை ஐ.சி.யு.வில் இருந்த நாட்களுக்கென்று தனி விடுப்பு நம் சட்டத்தில் இல்லை.

பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. பிறந்த குழந்தை தொடர்ந்து ஏழு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால், வழக்கமான விடுப்புக்கு மேல் 12 வாரம் வரை கிடைக்கும். அப்பாவுக்கும் உண்டு.