ஈரற் புற்றும் குருதிச் சான்றும்

கருவிலிருக்கும் குழவியின் ஈரல் ‘அல்பா பீற்றோ புரதம்’ என்னும் பொருளை மிகுதியாக ஆக்குகின்றது. பிறந்தபின் அது குருதியில் அருகிவிடும். 1963 ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரத்து அபெலெவ் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஈரற் புற்றுடைய சுண்டெலிகளின் குருதியில் அதனை மீண்டுங் கண்டனர். மறு ஆண்டில் தத்தாரினோவ் மனித நோயாளரிடத்துங் கண்டார். முதிர்ந்த ஈரற் கலம் பிறழ்ந்து, தன் கருப்பருவத் தொழிலை மீளத் தொடங்குதல் வியப்பன்றோ!

ஆயின் இச்சான்றைத் தனித்து நம்புதல் தகாது. கருவுற்ற மகளிரிடத்தும் ஈரலழற்சியுற்றாரிடத்தும் இது உயரும்; புற்றுடையார் பலரிடத்து, சிறப்பாகக் கட்டி சிறிதாயிருக்கையில், உயராதும் இருக்கும். ஆகவே ஈரல் தழும்பேறிச் சுருங்கியோர், குருதிச் சோதனையோடு அமையாது, ஆறு திங்களுக்கொருமுறை ஒலியலை ஸ்கான் படமும் எடுத்தல் வேண்டும். சிறு கட்டியாயின் அறுத்து நீக்க இடமுண்டு. வலி கண்டபின் வருவார்க்கு அவ்வாய்ப்பு அரிது.