நான்கு மூலைத் தெர்மோகோல்

உத்தியோக மாற்றத்தின் காரணமாகத் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்குக் குடிபெயர்ந்த வாசகர் ஒருவர், தம்முடைய 55 அங்குலத் தொலைக்காட்சி லாரியிலிருந்து இறங்கியபோது திரையின் குறுக்கே விரிசல் கண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். கம்பெனிக்காரர்கள் கொடுத்த நான்கு மூலைத் தெர்மோகோல் கட்டிகள் போதா என்று கருதி, கடையில் தெர்மோகோல் பலகைகள் வாங்கி, அட்டைப் பெட்டிக்குள் முன்னும் பின்னும் இடைவெளியே இல்லாமல் அடைத்து, மெத்தையின்மேல் படுக்க வைத்து அனுப்பினாராம். இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் இப்படி ஆயிற்றே, என்ன காரணம் என்பது அவர் கேள்வி. அவர் செய்த காரியங்களில் பெரும்பாலானவை நாமெல்லோரும் நல்லெண்ணத்தோடு செய்வனவே ஆதலால், சற்று விரிவாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

தொலைக்காட்சி எப்படிப் படம் காட்டுகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சங்கதி, அதை விட்டுவிடுகிறேன். அதன் தேகத்தில் நொறுங்கக்கூடிய பாகம் எது என்பதே இங்கே நமக்கு வேண்டுவது. இப்போதைய எல்.சி.டி. திரையானது, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளை, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் சில பங்கே வரும் இடைவெளி விட்டுப் பொருத்தி, அந்த இடைவெளியில் திரவப் படிகத்தை நிரப்பியது. 55 அங்குலத் தொலைக்காட்சியில் இக்கண்ணாடி சுமார் 122 சென்டிமீட்டர் அகலமும் 68 சென்டிமீட்டர் உயரமும் உடையது. இவ்வளவு விஸ்தீரணத்தையும் விளிம்பில் ஓடும் சட்டம் ஒன்றே பற்றிக்கொண்டிருக்கிறது. நடுப்பாகத்துக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று ஒளிபரப்புத் தொடங்கியது முதல் நெடுங்காலம் நம் கூடங்களில் வீற்றிருந்த பழைய பெட்டியின் சுபாவம் வேறு. அதன் படக்குழாய் காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவையாதலால், 21 அங்குலப் பெட்டியின் முகத்தை வெளிக்காற்று ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு இரவும் பகலும் அழுத்திக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும்பொருட்டு அந்த முகத்தைத் தடிமனாகவே வார்த்தார்கள். பின்னால் நீண்டிருந்த மெல்லிய கழுத்தில் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் அது எத்தகைய சாலையையும் சகித்துக்கொள்ளும். அந்தப் பெட்டியோடு பழகிய கைகளே இன்று இந்தக் கண்ணாடி ஏட்டையும் தூக்குகின்றன என்பது பாதிச் சேதத்துக்குக் காரணம்.

விழுந்துகொண்டிருக்கும் பண்டத்துக்கு ஆபத்து ஒன்றுமில்லை. தரையைத் தொட்டபின், நிற்பதற்கு அதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் கதி நிர்ணயமாகிறது. லோடுமேன் கையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரம் நழுவிய பெட்டி, சிமெண்டுத் தரையில் 2 மில்லிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால், தன் எடையைப்போல் சுமார் 300 மடங்கு விசையை அனுபவிக்கிறது. அதே பெட்டிக்கு நிற்பதற்கு 2 சென்டிமீட்டர் கிடைத்தால் அது 30 மடங்காகக் குறைந்துவிடுகிறது. தெர்மோகோல் தருவது அந்த 2 சென்டிமீட்டரைத்தான். பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் பொரியவிட்டு, அச்சில் ஒன்றாக ஒட்டவைத்த இந்த வஸ்துவின் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் காற்று. அதிலுள்ள எண்ணற்ற நுண்ணறைகள் ஒவ்வொன்றாக நசுங்கி மடியும்போது மோதலின் வேகம் அவற்றிலேயே செலவாகிவிடுகிறது. ஆகவே தெர்மோகோல் நசுங்கினால்தான் உபகாரம்.

என்னை நெடுநாளாக வசீகரித்துவரும் விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. தெர்மோகோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் எவ்வளவு எடை அமர்கிறது என்பதையும், அப்போது பண்டத்துக்கு எவ்வளவு அதிர்ச்சி போய்ச் சேருகிறது என்பதையும் சேர்த்துக் கோடு வரைந்தால், அது இருபுறமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த பள்ளத்தாக்காக வருகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டில் ஒன்று கிடந்தது. கைக்குழந்தையை அதில் கிடத்தினால் கயிறு சற்றும் இளகாமல் பலகையைப்போல் விறைத்து நிற்கும். ஸ்தூல சரீரியான பெரியப்பா அமர்ந்தாலோ முழுவதும் தொய்ந்து அவரைத் தரையில் இடிக்கும். நடுத்தர உடம்புள்ள என் தாயாருக்கு மட்டுமே அது சுகமான படுக்கையாக வாய்த்தது. தெர்மோகோலும் அப்படியே. எடை மிஞ்சினால் ஒரேயடியாக நசுங்கி அடி தட்டுகிறது. எடை போதாவிட்டால் நசுங்கவே மறுத்து, மோதலை அப்படியே உள்ளே அனுப்பிவிடுகிறது.

நம் வாசகர் செய்தது இந்த இரண்டாவது பிசகு. 15 கிலோ எடையை நான்கு மூலைகளில் சிறிய பரப்பின்மீது நிறுத்தியிருந்த ஏற்பாட்டைக் கலைத்து, அதே எடையைப் பெரும்பரப்பில் பரப்பிவிட்டார். தெர்மோகோல் அதிகமானதனாலேயே அது கல்லாயிற்று. மூலைக் கட்டிகளின் புறத்தே காணும் பள்ளங்களையும் வரிப்பற்களையும் கம்பெனியின் கஞ்சத்தனம் என்று நினைப்போர் உண்டு. எந்த அளவு பரப்பு எடையைத் தாங்கவேண்டும் என்று கணக்கிட்டுச் செதுக்கிய இடங்கள் அவை. திரைக்கு முன்னால் விட்டிருக்கும் வெற்றிடமும் அப்படிப்பட்டதே. அதைப் பலகையால் அடைத்ததால் லாரியின் ஒவ்வொரு குலுக்கலும் ஆதாரமற்ற நடுக்கண்ணாடிமேல் நேராகப் போய் இறங்கியது.

படுக்க வைத்தது இதற்குமேல் ஒரு தீமை. செங்குத்தாக நிற்கும் கண்ணாடி தன் எடையைத் தன் தளத்துக்குள்ளேயே சுமக்கிறது; படுத்த கண்ணாடியோ நடுவில் தொய்ந்து, வேகத்தடைதோறும் மேலும் கீழும் வளைகிறது. அட்டைப் பெட்டியும் நிற்பதற்கென்றே பிறந்தது. இரு தாள்களுக்கு நடுவே அலைஅலையாக ஓடும் மடிப்புகள், பெட்டி நிமிர்ந்து நிற்கையில் தூண்களைப்போல் மேலிருந்து கீழாக அமைந்து பாரம் தாங்குகின்றன. படுக்க வைத்தால் அந்தத் தூண்களும் படுத்துவிடுகின்றன. ஐப்பசி மழையில் நனைந்த அட்டைக்கு நின்றாலும் வலுவில்லை.

இத்தனை யோசனையோடு ஆக்கிய பெட்டியைத் தொலைக்காட்சி வந்த அன்றே பழைய காகிதக்காரருக்குப் போட்டுவிடுகிறோம். பரண்மேல் ஒரு மூலை அதற்கு ஒதுக்கினால் வீடு சிறுத்துப்போய்விடாது. இருவர் தூக்கவேண்டும் என்று படம் போட்டிருப்பதை ஒருவர் தலையில் ஏற்றி, எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்து அவசரப்படுத்திவிட்டு, பிறகு அந்த ஏழையின் அஜாக்கிரதையைக் குறை சொல்கிறோம். உடையும் பண்டத்துக்கு அடையாளமாக உலகம் ஒப்புக்கொண்ட சின்னம் தண்டுள்ள மதுக்கிண்ணம். அதைப் பார்த்து உள்ளே சாராயம் இருப்பதாக ஒரு லோடுமேன் நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பழைய பெட்டி கைவசம் இல்லாதவர், அளவுக்கேற்ற பெட்டியை லாரி ஆபீஸ்காரர்களிடம் கேட்டு வாங்கலாம். திரைமேல் மெல்லிய நுரைத்தாளைத் தளர்வாகப் போர்த்தி, மெத்தென்ற கட்டிகளைச் சட்டத்தின் ஓரங்களில் மட்டும் படும்படி வைத்து, சுவரில் மாட்டும் இரும்புச் சட்டத்தையும் அதன் திருகாணிகளையும் கழற்றித் தனிப்பையில் கட்டவேண்டும். ரிமோட்டைத் திரைப்பக்கம் செருகுவது விரிசலை விலைகொடுத்து வாங்குவதாகும். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோர், 2013 ஆகஸ்டில் 35 சதவீதச் சுங்கத் தீர்வை விதிக்கப்படும் முன்னர், கம்பளியால் சுற்றி நடுத்திரையின்மேல் கயிற்றை முறுக்கி இறுக்கிய பெட்டிகளோடு வந்திறங்கியதைக் கண்டிருக்கிறேன். கயிறு ஓரங்களில் ஓடினால் போதும்.

இறக்கியதும் ரசீதில் கையெழுத்திடும் முன், திரை வெளிப்பார்வைக்கு முழுசாய் இருப்பதை நம்பிவிடாமல், மின்சாரம் கொடுத்து ஒளிரவிட்டுப் பார்க்கவேண்டும். உள்ளே இருக்கும் கண்ணாடியில் விழுந்த விரிசலை மேலே ஒட்டிய படலம் பல சமயம் மறைத்துவிடுவதால், அணைந்த திரையில் அது கண்ணுக்கே தென்படாது. குளிர்சாதன வண்டியிலிருந்து புழுக்கமான கூடத்துக்கு வந்த பெட்டியானால், உள்ளே வேர்த்த ஈரம் உலர்வதற்குச் சில மணி நேரம் கழித்தே விசையைத் தட்டலாம். அதுவரை ரசீதில் ‘பரிசோதனைக்கு உட்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுவதை எந்த லாரி ஆபீஸும் தடுக்கக்கூடாது.