எக்ஸ், வேலேண்ட், தமிழ்99

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது. நாஞ்சில் நாட்டில் பல பிள்ளைகள் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தது அதிலாக்கும். லினக்ஸ் என்றால் பாதுகாப்பு என்று நாமும் சொல்லிக்கொண்டு திரிந்தோம். கோப்புகளுக்கு அது சரி. திரைக்கும் விசைப்பலகைக்கும் சரியில்லை.

காரணம், அடியில் ஓடிய எக்ஸ் விண்டோ. 1984ல் எம்ஐடியில் பிறந்தது. எக்ஸ்11 வந்தது 1987ல். அதில் ஒரே சர்வர். உலாவி, டெர்மினல், விளையாட்டு எல்லாம் அதன் கிளையன்ட்கள். ஒரே திரையில் ஓடும் கிளையன்ட்கள் ஒன்றையொன்று நம்பலாம் என்பது ஏற்பாடு. சோதித்துப் பாருங்க: எக்ஸ் அமர்வில் ஒரு டெர்மினலில் எக்ஸ்இன்புட் கட்டளையை ஓடவிட்டு, இன்னொன்றில் சூடோவுக்குக் கடவுச்சொல் அடியுங்க. அடிக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்து ஜன்னலில் ஒவ்வொரு விசையின் எண்ணும் வரிசையாக விழும். ரூட் அனுமதியே வேண்டாம்.

திரைப்பூட்டும் இன்னொரு கிளையன்ட்தான். திரையை மூடிக்கொண்டு விசைப்பலகையைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவே. அது கிராஷ் ஆனால் உங்கள் டெஸ்க்டாப் திறந்து கிடக்கும். ஏதாவது மெனு திறந்திருந்தால், பிடி அதன் கையில், பூட்டே விழாது.

2008ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் இதை அடைத்தது. கவனத்தில் இருக்கும் ஜன்னலுக்கு மட்டும் விசை போகும். நல்லது. ஆனால் அடைபட்டதில் நம்ம தமிழும் மாட்டியது.

தமிழ்99ல் 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழும்போது முதல் ம புள்ளி வாங்க வேண்டும். ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற சாதாரண விசைப்பலகை அட்டவணையால் இது முடியாது. ஐபஸ் மாதிரி ஒரு உள்ளீட்டுக் கருவி நடுவில் நின்று, ஏற்கெனவே அடித்ததைத் திருத்த வேண்டும். வேலேண்டில் அதற்குத் தனி நெறிமுறை உண்டு. முதல், இரண்டு, மூன்று என்று பதிப்புகள் வேறு. க்னோம் மூன்றாவதைப் பேசியது. குரோமியம் வகைச் செயலிகள் பல வருஷம் அதைப் பேசவில்லை. ஜெடிட்டில் தமிழ் வரும், பக்கத்து அரட்டைச் செயலியில் வராது. ஜப்பானியருக்கும் சீனருக்கும் இதே பாடுதான்.

தமிழ் வேண்டும் என்றால் அந்தச் செயலியை எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓட்டச் சொல்வார்கள். ஓட்டலாம், வேலை செய்யும். அதன் வழியாக ஓடும் செயலிகளோ ஒன்றின் விசையை இன்னொன்று பழையபடி கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.