அன்றாடச் செயல்களில் ஆட்டிஸத்தின் முன்னறிகுறிகள்

குழந்தை எந்த மாதத்தில் தவழ்ந்தது, எப்பொழுது நடந்தது என்பனவற்றைத் தாய்மார்கள் தயக்கமின்றிக் கூறுவார்கள். ஆனால் ஆட்டிஸம் எனப்படும் வளர்ச்சிக் குறைபாட்டை உணர்ந்து கொள்ள இவ்விவரங்கள் பெரும்பாலும் உதவுவதில்லை. இக்குறைபாடுடைய குழந்தைகளுள் பலர் உரிய காலத்திலேயே நடக்கின்றனர்.

அமெரிக்காவிலுள்ள வைன்லாந்து பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த எட்கார் டால் 1935ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வகுத்தார். குழந்தைக்கு எவ்வளவு தெரியும் என்று அது கேட்பதில்லை. உண்பது, உடுத்துவது, பிறரோடு பழகுவது ஆகியவற்றில் நாள்தோறும் தானாகச் செய்வது எவ்வளவு என்றே கேட்கின்றது. நாகபுரியில் மாலின் என்பவர் இதனை இந்தியக் குழந்தைகளுக்கேற்ப மாற்றியமைத்தார். இவ்வகை அளவுகோல்களின்படி, ஆட்டிஸமுள்ள குழந்தைகளிடம் உடலியக்கத் திறன்கள் ஓரளவு வயதுக்கேற்றவாறு இருந்தாலும், பிறரோடு பழகுதலும் கருத்தை அறிவித்தலும் பின்தங்கி நிற்பது பெரும்பாலும் காணப்படுகின்றது.

இவ்வேறுபாடு வீட்டில் எவ்வாறு தோன்றும்? தண்ணீர் வேண்டுமெனில் ஒன்றரை வயதுக் குழந்தை குடத்தைச் சுட்டிக்காட்டி, தாயின் முகத்தையும் பார்க்கும். ஆட்டிஸமுள்ள குழந்தையோ தாயின் கையைப் பற்றி இழுத்துச் சென்று, அக்கையை ஒரு கருவியைப் போலக் குடத்தின்மீது வைக்கக்கூடும், முகத்தை நோக்குவதில்லை. ஓராண்டு நிறைந்த பின்னரும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, அடுத்த அறையில் பிஸ்கட் உறை சரசரக்கும் ஒலி கேட்டு ஓடிவரும். எனினும் செவிப்புலனைச் சோதித்தறிவது எப்பொழுதும் அவசியமே. சொப்பு வைத்து விளையாடும் வயதில் சமைப்பதுபோல் பாவனை செய்யாமல், மூடியை மட்டும் மணிக்கணக்காகச் சுழற்றிக் கொண்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. முன்பு பேசிய ஓரிரு சொற்களும், கையசைத்து விடைகொடுக்கும் வழக்கமும் இரண்டு வயதிற்குள் மறைந்துவிட்டால், ஒரு நாளும் தாமதித்தல் கூடாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. நம் நாட்டு வீடுகளில் நான்கு வயதுவரை பாட்டி சோறூட்டுவது சர்வசாதாரணம். ஆகவே தானாக உண்ணாமை மட்டுமே அறிகுறியாகாது. ஊட்டும்போது குழந்தை முகம் பார்க்கின்றதா, ஒரு கவளத்தைப் பாட்டியின் வாயிலும் வைக்க முயல்கின்றதா என்று கேட்டறிதல் வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இதற்கு எதிரான மயக்கத்திற்கு ஆளாகின்றனர்: மூன்று வயதில் எண்களையும் எழுத்துக்களையும் பிழையின்றிக் கூறும் குழந்தை, சிறுநீர் கழிக்க வேண்டுமென்று தெரிவிக்க இயலாதிருப்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை.

லியோ கானர் 1943ஆம் ஆண்டில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி இக்குறைபாட்டை விவரித்தார். தாயின் அன்பின்மையே இதற்குக் காரணமென்று பின்னர் சிலர் கூறிய கொள்கை தவறென நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அப்பழி கிராமங்களில் இன்றும் தாயின்மீதே விழுகின்றது. களப் பணியாளரின் வினாக்களில் அதன் சாயல்கூட இருத்தலாகாது. “இவன் தந்தையும் தாமதமாகவே பேசினார்” என்னும் ஆறுதல் மொழியும் விலக்கத்தக்கதே. பயிற்சியால் மிகுந்த பலன் பெறக்கூடிய ஆண்டுகள் அதனால் வீணாகின்றன.

ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரமம் என்னும் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களுக்கு இத்தகைய குழந்தைகளை அனுப்பலாம். அனுப்பும் சீட்டில் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. “பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, வேண்டியதைச் சுட்டிக்காட்டுவதில்லை” எனக் கண்டதைக் கண்டவாறே, குழந்தையின் வயதை மாதக்கணக்கில் குறித்து எழுதினால் மருத்துவருக்குப் போதுமானது.