ஆறும் வண்டலும்

ஆறு செய்யும் தொழில்கள் மூன்று: மண்ணை அரித்தல், சுமத்தல், படியவைத்தல். இம்மூன்றையும் நடத்துவது ஜலத்தின் வேகமேயாகும். இதனை நம் சங்கத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

வேகம் இரட்டித்தால், நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும். பருமணல் அடியில் உருண்டும், களிமண் நீரில் கலந்தும் செல்லும். வேகம் குறையுமிடத்து முதலில் கல்லும், பிறகு மணலும், கடைசியில் வண்டலும் தங்கும். ஆற்றின் வளைவில் வெளிக்கரை அரிபடுவதும், உட்கரையில் மணல்திட்டு எழுவதும் இதனாலேயே.

நமது கொசஸ்தலையாற்றில் இதனைக் கண்கூடாகக் காணலாம். 1944-ஆம் வருஷம் கட்டிமுடிந்த பூண்டி நீர்த்தேக்கத்தில் ஓடிவந்த நீர் நிற்கிறது. நிற்கவே, சுமையை இறக்கிவிடுகிறது. மண்ணிழந்து வெளிச்செல்லும் நீரோ கீழேயுள்ள படுகையை அரிக்க வல்லது. எண்ணூர் முகத்துவாரத்தில் வேகம் தணிவதோடு, உப்புநீர் பட்டதும் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே படிகின்றன. கடலலைகளும் மணலைக் கொணர்ந்து வாயிலை அடைக்கின்றன.

கடற்கரைக்கும் இவ்விதியே பொருந்தும். 1875-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகள் அரிபட்டன.

இதனால் கொடுங்கையூருக்கு என்னவென்று சிலர் வினவலாம். நம்மூர் மழைநீர் கொடுங்கையூர்க் கால்வாய் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, எண்ணூர்க் கழிமுகத்தை நாடுகிறது. நிலம் தாழ்ந்து சமமாயிருப்பதால் ஓட்டம் இயல்பிலேயே மந்தம். கால்வாயிற் குப்பை சேர்ந்தால் வேகம் இன்னும் குன்றும், வண்டல் படியும், படிந்த வண்டல் வேகத்தை மேலும் குறைக்கும். பின்பு பெருமழை பெய்தால் நீர் வடிய வழியின்றி வீடுகளில் நுழையும். 2015, 2023 ஆகிய வருஷங்களின் டிசம்பர் மழையில் வடசென்னை பட்ட கஷ்டத்தை எவரும் மறந்திரார்.

ஆகையால், ஐப்பசி பிறக்குமுன் தூர் வாரும் வேலை முடிந்திருக்க வேண்டும். வேலையைக் கீழ்முனையிலிருந்து தொடங்கி மேலே வருதல் நலம். மேலே மாத்திரம் வாரினால், வரும் வெள்ளம் கீழே தேங்கும். வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைத்தல் கூடாது. முதல் மழையே அதனைத் திரும்பவும் உள்ளே தள்ளிவிடும். தம் வாசலுக்கெதிரே மட்டும் ஒருவர் துப்புரவு செய்வதாற் பயனில்லை. தெருவார் அனைவரும் கூடி, குப்பை விழாமல் காப்பதும், தூர்வார வேண்டுமென்று அதிகாரிகளுக்கு ஒருமித்து விண்ணப்பித்துக்கொள்வதும் சங்கத்தின் கடமையாகும்.